கொழும்பில் கிணற்றுத் தண்ணீருக்கு மாடல் போடுவது எப்படி: புதிதாக இறங்குவோருக்கு

கொலன்னாவைப் பக்கம், சதுப்பை நிரப்பி வீடுகள் கட்டிய ஒரு ஒழுங்கையில் பன்னிரண்டு கிணறுகளை எடுத்துக்கொண்டு என் முதுகலை ஆய்வைத் தொடங்கினேன். பத்து மாதத்தில் முடிந்திருக்க வேண்டிய வேலை பத்தொன்பது மாதம் இழுத்தது. கணிதம் என்னைத் தாமதிக்க வைக்கவில்லை. சமன்பாடுகளைத் தீர்ப்பதை மென்பொருள் பார்த்துக்கொள்கிறது. கடிதங்களைப் பிந்தி அனுப்பினேன், கிணறுகளின் உயரத்தைப் பிழையாக எடுத்தேன், ஆய்வுகூட அறிக்கையைத் தவறாக வாசித்தேன். ஒன்பது மாதம் அதில்தான் போனது. நிலத்தடி நீர் மாசு பற்றி முதன்முதலாக மாடல் செய்யப் போகிறவர்களுக்கு அந்த ஒன்பது மாதமும் மிஞ்ச வேண்டும் என்று இதை எழுதுகிறேன்.

ஒரு சொல் விளக்கம்: பாடநூலில் 'கணித மாதிரியுரு' என்று இருப்பதை, அதாவது தண்ணீரும் மாசும் நிலத்தடியில் நகர்வதைக் கணக்கிடும் சமன்பாடுகளின் தொகுப்பை, இங்கே மாடல் என்றே எழுதுகிறேன். போத்தலில் எடுக்கும் தண்ணீருக்கு 'மாதிரி' என்ற சொல் தேவைப்படுகிறது.

1. கேள்வியை ஒரே வரியில் எழுதுங்கள்

நான் போன முதல் வீட்டில் ஒரு அக்கா கேட்டார்: "தம்பி, இந்தத் தண்ணியப் பிள்ளைக்குக் குடுக்கலாமா?" என் ஆய்வுத் தலைப்பில் அதற்குப் பதிலே இருக்கவில்லை. 'கொழும்பு நிலத்தடி நீர் மாசு' என்பது போன்ற தலைப்பை வைத்து எந்த மாடலையும் கட்ட முடியாது.

பிறகு இப்படி மாற்றினேன்: "மேட்டுப் பக்கக் கழிவுநீர்க் குழிகளிலிருந்து வரும் நைதரசன், 60 மீட்டர் தள்ளியுள்ள கிணற்றுக்கு எத்தனை வருடத்தில், எவ்வளவு செறிவோடு வந்து சேரும்?" மாசு எங்கே தொடங்குகிறது, எங்கே போய்ச் சேருகிறது, என்ன பொருள், எவ்வளவு காலம் என்ற நாலும் அந்த வரியில் இருக்க வேண்டும். உங்கள் வரியில் ஒன்று குறைந்தாலும் மேற்பார்வையாளரிடம் திரும்பப் போய் உட்காருங்கள்.

2. மென்பொருளைத் திறக்கும் முன் கடிதங்களை அனுப்புங்கள்

தேவையான தரவு எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்காது. மழைவீழ்ச்சிக்கு பௌத்தாலோக மாவத்தையில் உள்ள வளிமண்டலவியல் திணைக்களம். களனி ஆற்றின் நீர்மட்டத்துக்கு நீர்ப்பாசனத் திணைக்களம். வரைபடத்துக்கும் உயரக் குறிகளுக்கும் நாரஹேன்பிட்ட கிருள வீதியில் உள்ள நில அளவைத் திணைக்களம். பாறை, மண் பற்றி அறிய பிட்டகோட்டேயில் புவிச்சரிதவியல் அளவை, சுரங்கப் பணியகம். குழாய்க்கிணறு தோண்டியபோது எழுதிய அடுக்கு விபரங்களுக்கு நீர்வளச் சபை. எல்லாம் பஸ்ஸில் போகக்கூடிய தூரம்தான். ஆனால் ஒவ்வொன்றுக்கும் தனிக் கடிதம் வேண்டும்.

கையில் இருக்க வேண்டியவை: பல்கலைக்கழகத் துறையின் கடிதத் தலைப்பில், அந்தந்த நிறுவனத் தலைவருக்கு முகவரியிட்ட கடிதம், மாணவர் அட்டை, தேசிய அடையாள அட்டைப் பிரதிகள், ஆய்வு இடத்தைக் காட்டும் ஒரு பக்க வரைபடம், கேட்கும் தரவின் அட்டவணை. அட்டவணைதான் முக்கியம். "மழைத் தரவு தேவை" என்று எழுதினால் உங்கள் கடிதம் ஒரு மேசையில் கிடக்கும். எந்த நிலையம், எந்த வருடத்திலிருந்து எந்த வருடம் வரை, தினசரியா மாதாந்தமா என்று எழுதினால் கடிதத்தை வாங்கும் உத்தியோகத்தர் அன்றைக்கே கட்டணத்தைக் கணக்கிட்டுச் சொல்ல முடியும். மாணவர் சலுகை உண்டா என்று கடிதத்திலேயே கேளுங்கள். பணம் கட்டிய பிறகு கேட்டுப் பயனில்லை.

பதிலே வரவில்லை என்றால், 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பிக்கலாம். தமிழிலேயே எழுதலாம், விண்ணப்பத்துக்குக் கட்டணம் இல்லை. தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தருவதா மறுப்பதா என்று முடிவு சொல்ல வேண்டும். விலை வைத்து விற்கும் தரவை இந்த வழியில் இலவசமாக எடுத்துவிடலாம் என்று மட்டும் எண்ணாதீர்கள். பழைய அறிக்கைகள், கிணற்றுப் பரிசோதனை முடிவுகள் போன்றவற்றுக்கு இந்த வழி நல்லது.

ஆற்று மட்டத்தில் ஒரு பொறி இருக்கிறது. களனி ஆற்றின் நாகலகம் வீதி நீர்மட்ட மானியின் அளவை அடியில் சொல்வார்கள். அதை மீட்டருக்கு மாற்றினால் மட்டும் போதாது. அந்த மானியின் பூச்சியம் சராசரிக் கடல்மட்டத்துக்கு எவ்வளவு மேலே அல்லது கீழே இருக்கிறது என்பதையும் அதே கடிதத்தில் கேட்டு வாங்குங்கள்.

வீடுகளுக்குப் போகும் முன் கிராம உத்தியோகத்தரைப் பார்த்துவிடுங்கள். சிங்களத்திலும் தமிழிலும் ஒரு பக்கக் கடிதம் கையில் இருக்கட்டும். யார் நீங்கள், கிணற்றில் என்ன செய்வீர்கள், முடிவை வீட்டாருக்கு எப்போது தருவீர்கள் என்று அதில் இருக்க வேண்டும். நகர சபையிலிருந்து கிணற்றை மூட வந்திருக்கிறார்கள் என்று பயந்து ஒரு வீட்டில் கேற்றையே திறக்கவில்லை. கிராம உத்தியோகத்தர் ஒரு போன் எடுத்துச் சொன்ன பிறகுதான் உள்ளே விட்டார்கள்.

3. உயரத்தில் பிழை விடாதீர்கள்

தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதைக் கிணறுகளின் நீர்மட்ட வித்தியாசம்தான் சொல்கிறது. என் இடத்தில் 100 மீட்டருக்கு வித்தியாசம் வெறும் 40 சென்டிமீட்டர். ஒரு கிணற்றின் உயரத்தில் 20 சென்டிமீட்டர் பிழைத்தால் சரிவில் பாதி போய்விடும். இரண்டு கிணறுகளில் எதிரெதிராகப் பிழைத்தால் சரிவே இல்லாமல் போகலாம், அதைவிடச் சற்றுக் கூடப் பிழைத்தால் ஓட்டத் திசையே புரண்டுவிடும்.

நான் முதலில் போன் ஆப் ஒன்றில் உயரம் எடுத்தேன். கடலுக்கு 90 மீட்டருக்கும் கீழே என்று காட்டியது. போன் பழுது என்று நினைத்தேன். அது பழுதில்லை. செய்மதிக் கருவிகள் உயரத்தை ஒரு கணித நீள்வட்டக் கோளத்திலிருந்து அளக்கின்றன. இலங்கையைச் சுற்றி உண்மையான கடல்மட்டம் அந்தக் கோளத்துக்கு ஏறத்தாழ 100 மீட்டர் கீழே கிடக்கிறது. அடுத்து இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் செய்மதி உயர வரைபடத்தை எடுத்தேன். அதில் கூரைகளும் மரங்களும் கலந்திருக்கும். பிழை மீட்டர் கணக்கில் வரும்.

செய்ய வேண்டியது இதுதான்: நில அளவைத் திணைக்களத்தின் உயரக் குறி ஒன்றிலிருந்து தொடங்கி, லெவல் கருவி வைத்து எல்லாக் கிணற்றுக் கட்டின் விளிம்புக்கும் உயரம் எடுங்கள். உரிமம் பெற்ற நில அளவையாளர் ஒருவரை ஒரு நாளைக்குப் பிடியுங்கள். எனக்குக் கைகொடுத்த செலவு என்றால் முதலில் இதைத்தான் சொல்வேன். அளந்த விளிம்பில் பெயின்றால் ஒரு புள்ளி வையுங்கள். அடுத்த முறை நீர்மட்டம் அளக்கும்போது அதே புள்ளியிலிருந்துதான் அளக்க வேண்டும். எல்லாக் கிணற்றையும் ஒரே நாளில், வீட்டு மோட்டர் ஓடாத நேரத்தில் அளங்கள். விடியற்காலை ஐந்தரை மணி எனக்குச் சரிவந்தது.

வரைபட ஆள்கூறுகளிலும் கவனம் தேவை. இலங்கையில் இரண்டு கட்டமைப்புகள் புழக்கத்தில் உள்ளன. பழைய கண்டவளை முறையில் மையத்தின் கிழக்கு, வடக்கு எண்கள் இரண்டும் 200,000 மீட்டர். 1999 முறையில் 500,000. ஆகவே கொழும்புக் கோட்டையின் கிழக்கு எண் பழையதில் ஒரு லட்சத்துக்குச் சற்றுக் குறைவாகவும் புதியதில் நாலு லட்சத்துக்குச் சற்றுக் குறைவாகவும் வரும். வெறுமனே 300,000 ஐக் கூட்டி மாற்றாதீர்கள். க்யூஜிஐஎஸ் (QGIS) என்ற வரைபட மென்பொருளில் இரண்டு முறையும் உள்ளன, அதை வைத்து மாற்றுங்கள்.

4. மாதிரி எடுப்பது: இரண்டு முறை, குறைந்தபட்சம்

கொழும்பில் ஜனவரி, பெப்ரவரி காய்ந்த மாதங்கள். ஒக்டோபர், நவம்பரில் பெருமழை. நவம்பர் கடைசியில் ஒரு முறையும் பெப்ரவரி கடைசியில் ஒரு முறையும் எடுத்தால் உயர்ந்த மட்டமும் தாழ்ந்த மட்டமும் கிடைக்கும். பெப்ரவரியைத் தவறவிட்டால் ஒரு வருடம் காத்திருக்க வேண்டும்.

செலவை முன்பே கணக்குப் போடுங்கள். 12 கிணறுகள், சரிபார்க்க ஒரு இரட்டை மாதிரி, காய்ச்சி வடித்த நீர் ஊற்றிய ஒரு வெற்று மாதிரி, மொத்தம் 14. அதை இரண்டு முறை எடுத்தால் 28. ஒவ்வொன்றிலும் எட்டுச் சோதனை என்றால் 224 சோதனைகள். ஆய்வுகூடங்கள் சோதனைக்கு ஒரு விலை என்றுதான் கணக்குப் போடும். என் மொத்தச் செலவில் பாதிக்கு மேல் இங்கேதான் போனது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம், கைத்தொழில் தொழில்நுட்ப நிறுவனம் போன்ற இடங்களில் எழுத்தில் விலை கேட்டு ஒப்பிட்டுப் பாருங்கள். மின்கடத்துதிறன், பி.எச்., வெப்பநிலை மூன்றையும் கையடக்கக் கருவியால் கிணற்றடியிலேயே அளங்கள். காசும் மிச்சம், அளவும் சரியாக இருக்கும்.

நைதரசனின் ஒரு வடிவமான நைத்திரேற்றைச் சோதிக்கும் மாதிரியை ஐஸ் பெட்டியில் வைத்து 48 மணி நேரத்துக்குள் சோதிக்க வேண்டும். ஆகவே வெள்ளிக்கிழமை பின்னேரம் மாதிரி எடுக்காதீர்கள். போயா தினத்தையும் கலண்டரில் பார்த்துக்கொள்ளுங்கள். உலோகங்கள் சோதிப்பதானால் வடிகட்டி, நைத்திரிக் அமிலம் சேர்த்த தனிப் போத்தல் வேண்டும். அதே போத்தலை நைத்திரேற்றுக்குக் கொடுத்தால் முடிவு பாழ்.

இப்போது நான் நாலு மாதம் இழந்த இடம். முதல் முறை ஒரு ஆய்வுகூடம், இரண்டாவது முறை வேறொன்று. பெப்ரவரியில் நைத்திரேற்று அளவு நாலு மடங்குக்கு மேல் கூடியிருந்தது. வறட்சியில் மாசு செறிவாகிறது என்று ஒரு அத்தியாயமே எழுதினேன். உண்மையில் ஒரு அறிக்கை 'நைதரசனாக' (அதிலுள்ள நைதரசனின் எடையை மட்டும் எண்ணி) என்றும் மற்றது 'நைத்திரேற்றாக' (முழு எடையையும் எண்ணி) என்றும் கொடுத்திருந்தது. இரண்டுக்கும் இடையில் 4.43 மடங்கு வித்தியாசம். உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு நைத்திரேற்றாக லீற்றருக்கு 50 மில்லிகிராம். அதுவே நைதரசனாக 11.3. அறிக்கையில் அலகுக்குப் பக்கத்தில் இருக்கும் அந்தச் சின்னச் சொல்லை வாசிக்காமல் ஒரு எண்ணையும் அட்டவணையில் ஏற்றாதீர்கள்.

கொழும்புத் தாழ்நிலத்துக்கே உரிய இன்னொன்று: சதுப்பின் கரிமண்ணில் ஒட்சிசன் இராது. அங்கே நைத்திரேற்று வாயுவாகிப் போய்விடும், அல்லது நைதரசன் அமோனியமாகவே நின்றுவிடும். நைத்திரேற்று குறைவு என்று பார்த்து "இந்தக் கிணறு சுத்தம்" என்று எழுதினால் அது பெரிய தவறு. அமோனியத்தையும் குளோரைட்டையும் கட்டாயம் சோதியுங்கள். குளோரைட்டு மண்ணில் ஒட்டாது, சிதையாது, தண்ணீர் போன வழியைக் காட்டிக்கொடுக்கும். வெள்ளவத்தை, தெஹிவளை போலக் கடலோரக் கிணறு என்றால் குளோரைட்டு கடலிலிருந்தும் வந்திருக்கலாம். அங்கே அதை மட்டும் நம்ப முடியாது.

5. முதலில் கையால் கணக்குப் போடுங்கள்

இதைத் தாண்டிப் போகவே வேண்டாம். ஒரு தாள் போதும்.

வேகம் = நீர் கடத்துதிறன் × நீர்மட்டச் சரிவு ÷ பயனுறு நுண்துளைமை. கடத்துதிறன் என்பது மண் தண்ணீரை எவ்வளவு எளிதாகப் போகவிடுகிறது என்பதன் அளவு. பயனுறு நுண்துளைமை என்பது மண்ணில் தண்ணீர் ஓடக்கூடிய இடைவெளியின் பங்கு. கடத்துதிறன் நாளுக்கு 5 மீட்டர், சரிவு 0.004, நுண்துளைமை 0.25 என்று வையுங்கள். வேகம் நாளுக்கு 8 சென்டிமீட்டர். 60 மீட்டர் போக 750 நாட்கள், இரண்டு வருடத்துக்குச் சற்று மேல். நுண்துளைமை 0.10 என்றால் அதே தூரம் 300 நாட்கள். அமோனியம் போல மண்ணில் ஒட்டும் பொருளுக்குத் தாமதக் காரணி (தண்ணீரைவிட எத்தனை மடங்கு மெதுவாகப் போகிறது என்ற எண்) 3 என்றால், 750 நாள் 2250 நாளாகும். மென்பொருளில் பின்னால் வரும் விடை இந்த வீச்சுக்குள் இல்லாவிட்டால் உள்ளீட்டில் எங்கோ பிழை இருக்கிறது.

குழிகளிலிருந்து எவ்வளவு இறங்குகிறது என்பதையும் கையால் பாருங்கள். ஆறு பேர்ச்சஸ் காணி, ஏறத்தாழ 152 சதுர மீட்டர். நாலு பேர், ஆளுக்கு நாளுக்கு 120 லீற்றர் என்று வைத்தால் 480 லீற்றர் நிலத்துக்குள் போகிறது. அதைக் காணிப் பரப்பால் பிரித்தால் நாளுக்கு 3 மில்லிமீட்டருக்கு மேல், வருடத்துக்கு 1150 மில்லிமீட்டர் அளவு. கொழும்பின் வருட மழையே 2400 மில்லிமீட்டர் அளவுதான். அதிலும் கூரையிலும் தாரிலும் விழுவது வடிகாலுக்குப் போய்விடுகிறது. மழையில் இத்தனை சதவீதம் நிலத்துக்குள் போகும் என்று வயற்காட்டுக்கு எழுதிய விதியை எடுத்து இந்த ஒழுங்கைகளுக்குப் போட்டால் மாடல் தொடக்கத்திலேயே தவறிவிடும்.

கடத்துதிறனை நூலிலிருந்து எடுக்காமல் அளந்து பாருங்கள். ஒடுங்கிய குழாய்க்கிணறு என்றால் ஒரு கனமான உருளையைச் சட்டென்று இறக்கி, மட்டம் திரும்பும் வேகத்தைப் பத்து விநாடிக்கு ஒருமுறை குறிக்கலாம். அகலக் கிணறு என்றால் அரை மணி நேரம் மோட்டரால் இறைத்து, மீள ஊறுவதை அளக்க வேண்டும். அப்போது கிணற்றுக்குள் ஏற்கெனவே இருந்த தண்ணீரையும் கணக்கில் எடுக்கும் முறையைப் பயன்படுத்துங்கள், குழாய்க்கிணற்றுச் சூத்திரம் அங்கே பொருந்தாது. கபுக் கல் எனப்படும் செம்பூராங்கல்லில் ஓட்டைகளும் களியும் மாறிமாறி வருவதால் பக்கத்துப் பக்கத்துக் கிணறுகளிலேயே பத்து மடங்கு வித்தியாசம் வரலாம். பயப்பட வேண்டாம், இரண்டு எண்ணையும் வைத்துக்கொள்ளுங்கள்.

6. இப்போது மென்பொருள்

இங்கே ஒரு சதமும் செலவில்லை. அமெரிக்கப் புவியியல் அளவை நிறுவனத்தின் மோட்ஃப்ளோ 6, அதற்கான திரைமுகப்பான மாடல்மியூஸ் இரண்டும் இலவசம். நீர் ஓட்டத்தையும் மாசு நகர்வையும் மோட்ஃப்ளோ 6 ஒன்றே கணக்கிடும். பைதான் நிரல்மொழி தெரிந்தவர்கள், மோட்ஃப்ளோவைப் பைதானிலிருந்து இயக்கும் ஃப்ளோபை பயன்படுத்தலாம். களவு எடுத்த விலைமென்பொருளை யாராவது பென் டிரைவில் தந்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள், ஆய்வேட்டில் அதன் பெயரை எழுத முடியாது. கோப்புறைப் பெயரில் தமிழ் எழுத்தும் இடைவெளியும் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அலகுகள்: மீட்டர், நாள், கிராம். லீற்றருக்கு ஒரு மில்லிகிராம் என்பதும் கன மீட்டருக்கு ஒரு கிராம் என்பதும் ஒன்றே. அதனால் ஆய்வுகூட எண்ணை மாற்றாமல் போடலாம்.

எல்லை: ஆய்வு இடத்தின் வேலியோடு மாடலை வெட்டாதீர்கள். ஒரு பக்கம் ஆறு அல்லது வாய்க்கால், மறுபக்கம் மேட்டு நீர்ப்பிரிமுகடு என்று இயற்கை எல்லை வரை கொண்டுபோங்கள். வாய்க்காலின் கரையும் அடியும் கொங்கிரீட்டா மண்ணா என்று நேரில் நடந்து பாருங்கள். கொங்கிரீட் என்றால் தண்ணீர் உள்ளே வெளியே போவது வேறு மாதிரி.

கட்டத்தின் அளவு: மென்பொருள் நிலத்தைச் சிறு கட்டங்களாகப் பிரித்துத்தான் கணக்கிடும். மாசு போகும் வழியில் எவ்வளவு விரவுகிறது என்பதற்கு, முதல் ஊகமாகப் பயண தூரத்தில் பத்தில் ஒன்றை எடுப்பது வழக்கம். 60 மீட்டருக்கு 6 மீட்டர். கட்டத்தின் பக்கம் அதன் இரண்டு மடங்கை, அதாவது 12 மீட்டரைத் தாண்டக்கூடாது. தாண்டினால் கணிப்பு முறையே மாசைப் பரப்பிக் காட்டும், நிலத்தில் அப்படி எதுவும் நடந்திராது. நான் 5 மீட்டர் வைத்தேன். 800 க்கு 600 மீட்டர் பரப்பு, மூன்று அடுக்கு, 57,600 கட்டங்கள். சாதாரண மடிக்கணினிக்கு அது பாரமில்லை. காலப்படியும் (மாடல் ஒரு தடவையில் முன்னேறும் கால அளவு) அப்படித்தான், ஒரு படியில் மாசு ஒரு கட்டத்துக்கு மேல் தாண்டக்கூடாது.

7. அளவுதிருத்தம்: அழகான பொருத்தத்தை நம்பி ஏமாறாதீர்கள்

அளந்த நீர்மட்டமும் மாடலின் நீர்மட்டமும் பொருந்தும்வரை எண்களை மாற்றுவதுதான் அளவுதிருத்தம். பிழையின் வர்க்கமூலச் சராசரி (கூட்டல், கழித்தல் பிழைகள் ஒன்றையொன்று அழிக்காதபடி எடுக்கும் சராசரி), நீர்மட்ட வீச்சில் பத்தில் ஒன்றுக்குள் வந்தால் போதும் என்பார்கள். 3 மீட்டர் வீச்சு என்றால் 30 சென்டிமீட்டர். எனக்கு 18 வந்தது, கொண்டாடினேன்.

மேற்பார்வையாளர் ஒரு காரியம் செய்யச் சொன்னார்: நிலத்துக்குள் இறங்கும் நீரையும் கடத்துதிறனையும் இரண்டு மடங்காக்கிப் பார். செய்தேன். நீர்மட்டம் ஏறத்தாழ அப்படியே நின்றது, அதே 18 சென்டிமீட்டர். ஆனால் மாசு இரண்டு மடங்கு வேகத்தில் கிணற்றுக்கு வந்தது. நீர்மட்டம் மட்டும் வைத்திருந்தால் இரண்டில் எது சரி என்று சொல்லவே முடியாது. வெளியிலிருந்து இன்னொரு அளவு வேண்டும்: அளந்த கடத்துதிறன், அல்லது வாய்க்காலுக்குள் ஊறும் நீரின் அளவு. அதனால்தான் ஐந்தாம் படியில் அத்தனை வற்புறுத்தினேன்.

மாசு நகர்வை முதலில் குளோரைட்டுக்குப் பொருத்துங்கள். அது சரியாக வந்த பிறகு நைதரசன். இரண்டையும் ஒரே நேரத்தில் பொருத்த முயன்றால், ஓட்டத்தில் உள்ள பிழையைச் சிதைவு வீதத்தில் மறைத்துவிடுவீர்கள்.

8. கால அட்டவணை

ஒக்டோபரில் கேள்வி, கடிதங்கள், கிராம உத்தியோகத்தர். நவம்பர் கடைசியில் முதல் மாதிரி. ஜனவரியில் உயரம், கிணற்றுச் சோதனைகள். பெப்ரவரி கடைசியில் இரண்டாவது மாதிரி. மார்ச்சில் கைக்கணக்கு. ஏப்ரலில் புத்தாண்டு விடுமுறையைக் கழித்து ஓட்ட மாடல். மே, ஜூனில் மாசு மாடல். ஜூலையில் எழுத்து. கடிதங்களை ஜனவரியில் தொடங்கினால் இந்த வரிசை முழுவதும் குலைந்துவிடும்.

9. முடிவை வீட்டாருக்குச் சொல்லுங்கள்

ஒற்றை எண்ணைத் தராதீர்கள். கடத்துதிறன், நுண்துளைமை, குழிநீர் அளவு ஆகியவற்றைத் தாங்கக்கூடிய வீச்சுக்குள் மாற்றி முப்பது நாற்பது தடவை ஓட்டுங்கள். "மிக விரைவாக வந்தால் ஒரு வருடம், மிகப் பிந்தினால் ஆறு" என்பது போல எழுதுங்கள்.

ஆய்வேடு கையெழுத்தாகும்வரை காத்திருக்காமல், ஒவ்வொரு வீட்டுக்கும் அவர்கள் கிணற்றின் சோதனை முடிவை அவர்கள் மொழியில் அரைப் பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். பக்கத்து வீட்டு முடிவை மற்றவருக்குக் காட்டாதீர்கள்.

அந்த அக்காவின் கிணற்றில் அளவு எல்லையைத் தாண்டியிருந்தது. "நான் நல்லாக் கொதிக்க வச்சுத்தானே தம்பி குடுக்கிறன்?" என்றார். நைத்திரேற்று கொதித்தால் போகாது. தண்ணீர் வற்ற வற்றச் செறிவு கூடும். கைக்குழந்தைக்குப் பால்மா கரைக்க அந்தத் தண்ணீர் வேண்டவே வேண்டாம், குழாய்த் தண்ணீரை எடுங்கள், கிணற்றைக் கழுவ, துவைக்க வைத்துக்கொள்ளுங்கள் என்று சொன்னேன். அன்று பின்னேரமே அடுத்த வீட்டுக் குழாயிலிருந்து இரண்டு கலன் பிடித்து வந்து குசினியில் வைத்திருந்தார்.